என் ஆஸ்டரைத் தாண்டிப் போன பட்டாம்பூச்சிகள்

என் மகள் தானாக முன்வந்து தமிழில் பேசிய முதல் முழு வாக்கியம் கோயம்புத்தூர்த் தமிழில் இருந்தது. நாங்கள் திருச்சிக்காரர்கள். அப்போது மகளுக்கு ஏழு வயது. டூட்டி முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த என்னிடம் ஓடிவந்து, "அம்மா, இன்னைக்கு நெறய பட்டாம்பூச்சி வந்துச்சுங்க" என்றாள்.

"என்ன வந்துச்சு?"

"பட்டாம்பூச்சிங்க."

எத்தனை வருடம் கெஞ்சியிருப்பேன், வீட்டில் தமிழில் பேசு என்று. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். இப்போது தமிழ் வந்துவிட்டது, ஆனால் அது என்னிடமிருந்து வரவில்லை. கணவரிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மரியாதையா பேசுது, விடேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் இருப்பது அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில், ஒட்டி ஒட்டிக் கட்டிய பழைய வில்லா வரிசை ஒன்றில். கணவருக்கு சிமென்ட் ஆலையில் வேலை. எனக்கு டைல்ஸ் கம்பெனி லேபில். சூளையிலிருந்து வரும் டைல்ஸின் நிறம் மாதிரித் துண்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. கொஞ்சம் மஞ்சள் கூடினாலும் என் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒரு சிறு மணல் முற்றம், நடுவில் தோள் உயரச் சுவர். எங்கள் முற்றத்தில் துணி காயப்போடும் கம்பியும், ஊருக்கு அனுப்பலாம் என்று வைத்து அனுப்பாமலேயே போன பழைய சைக்கிளும் இருந்தன.

பக்கத்து வீட்டுக்கு அவர்கள் வந்தது ஒரு கோடையில். கோயம்புத்தூர்க்காரர்கள், கணவன் மனைவி இருவர்தான். அவர் மலையடிவாரத்துக் கல்குவாரியில் எஞ்சினியர். அவளுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். குழந்தை இல்லை. அதுவரை என் மகளைப் பள்ளி முடிந்து பார்த்துக்கொண்டிருந்த மலையாளி அம்மா ஊருக்கே திரும்பிப் போய்விட்டதில் நான் திண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. பக்கத்து வீட்டுக்காரி தானாகவே வந்து கேட்டாள்.

"பாப்பா ஸ்கூல் பஸ்ல எறங்குனா எங்கூட்டுக்கு வரட்டுமுங்க்கா. நான் சும்மாதான உக்காந்துட்டு இருக்கேன்."

எனக்குக் கடவுளே வந்து கதவைத் தட்டியது போல இருந்தது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

செப்டம்பரில் அவள் முற்றத்து மணலைக் கிளற ஆரம்பித்தாள். இந்தப் பக்கம் எல்லோரும் அக்டோபர் கடைசியில் நர்சரியிலிருந்து பெட்டூனியா வாங்கி வைப்பார்கள். ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறக்கலாம் என்று தோன்றும் நாள் வந்தால், செடி வாங்கும் நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். அவள் நர்சரிக்கே போகவில்லை. குவாரிக்காரர்கள் புதிதாக ஒரு பக்கத்தை உடைக்கப் போகிற இடத்தில், பாறை இடுக்கில் நின்ற காட்டுச் செடிகளின் விதையையும் குச்சியையும் அவள் கணவர் கொண்டுவந்து கொடுத்தாராம். சாமந்திக் குடும்பத்துச் செடி. இலையைத் தொட்டால் கையில் பிசுபிசுவென்று ஒட்டும், மருந்துக் கடையைத் திறந்தது போல ஒரு வாசனை அடிக்கும். மூலையில் ஒரு எருக்கஞ்செடியும் இருந்தது. தானாக முளைத்ததை அவள் பிடுங்காமல் விட்டுவைத்திருந்தாள்.

"வீட்ல யாராவது எருக்கு வளப்பாங்களா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"அவங்க வீடு, அவங்க எருக்கு" என்றார்.

நவம்பரில் அந்தக் காட்டுச் செடிகள் பூத்தன. சட்டைப் பொத்தான் அளவுக்கு மஞ்சள் பூக்கள், புதர் முழுக்க. குவாரித் தூசி படிந்த அந்த வரிசையில் அப்படி ஒரு மஞ்சளை நான் பார்த்ததில்லை. லேபில் அந்த நிறத்தைக் கொண்டுவர எதில் எவ்வளவு கலக்கவேண்டும் என்று மனம் தன்னாலேயே யோசித்தது. அப்புறம் பட்டாம்பூச்சிகள் வந்தன. எருக்கில் ஆரஞ்சு நிறத்து வெந்தய வரியன் முட்டையிட்டது, புழு வந்தது. வெள்ளையும் மஞ்சளும் கருப்புப் புள்ளி போட்டதுமாக இன்னும் என்னென்னவோ வந்தன.

அதோடு என் வீட்டில் பேச்சு மாறியது. சாப்பாட்டு மேஜையில் பள்ளிக்கூடக் கதை போய், முழுக்க ஆன்ட்டி கதை ஆனது. ஆன்ட்டி சொன்னாங்க, புழு ராத்திரி கூடச் சாப்பிடுமாம். ஆன்ட்டி சொன்னாங்க, எருக்கம் பால் கண்ணில் பட்டால் ஆபத்தாம், கை கழுவாமல் கண்ணைத் தொடக்கூடாதாம். இதே குழந்தையிடம் சாப்பிடுவதற்கு முன் கை கழுவு என்று நான் சொன்னால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது மகள் இரட்டைப் பின்னலோடு நின்றாள். நடு வகிடு நேராக, நூல் பிடித்த மாதிரி. நான் காலையில் அவசரத்தில் போடும் ஒற்றைக் குதிரைவாலை அவிழ்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரி பின்னிவிட்டிருக்கிறாள். அழகாகத்தான் இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை. எண்ணெய் வைக்கவேண்டும் என்று சொல்லி அவிழ்த்தேன். திரும்ப நானே பின்னினேன். வகிடு கோணலாகப் போனது. மகள் கண்ணாடியில் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் போனாள். ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்த வாரமே நர்சரிக்குப் போனேன். ஊதா ஆஸ்டர்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொரு பூவும் இதழ் மேல் இதழாக அடுக்கி, குட்டிப் பந்து போல. கூடவே ரோஸ் நிறத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். கார் டிக்கி நிரம்பி, மீதியைப் பின் சீட்டில் வைத்தோம்.

"இவ்ளோ எதுக்கு?" என்றார் கணவர்.

"வீட்டுக்குக் கலர் வேணாமா?"

"கலர் வேணும்னா சரி. வேற எதுக்காவதுன்னா யோசிச்சுக்க." அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

சைக்கிளைத் தூக்கிப் போட்டேன். கம்பியை ஓரமாக மாற்றினேன். சுவரை ஒட்டி, அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி, ஊதாவும் ரோஸும் மாற்றி மாற்றி நட்டேன். நிறத்தை அடுக்குவது எனக்குக் கைவந்த வேலை. பார்த்தவர்கள் எல்லோரும் நின்று பாராட்டினார்கள். அவளும் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "அட, எவ்ளோ அழகுங்க்கா!" என்றாள். அந்தக் குரலில் பொய்யே இல்லை. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

மகள் வந்து பார்த்தாள். "நல்லாருக்குங்க" என்றாள். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

பட்டாம்பூச்சி ஒன்றுகூட வரவில்லை. வரவில்லை என்றால் இந்தத் திசைக்கே வரவில்லை என்று இல்லை. மலைப் பக்கமிருந்து வரும், எங்கள் முற்றத்துக்கு மேலேயே பறந்து வரும், என் ஆஸ்டர்களின் தலைக்கு ஒரு முழம் மேலே கடந்து, சுவரைத் தாண்டி, அவள் வீட்டு மஞ்சள் புதரில் போய் உட்காரும். ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறை ஜன்னலில் நின்று இதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருமுறை தோசை கருகிவிட்டது. சர்க்கரைத் தண்ணீர் தெளித்தால் வரும் என்று எங்கோ படித்து, ஸ்பிரே பாட்டிலில் கலந்து பூக்கள் மேலெல்லாம் அடித்தேன். எறும்பு வந்தது. முற்றத்திலிருந்து சமையலறை வரைக்கும் வந்தது.

அடுத்து நான் செய்தது செடி விஷயம் இல்லை. பள்ளியில் மாலை நேர வகுப்புகள் இருந்தன. மகளை அபாகஸிலும் படம் வரைவதிலும் சேர்த்தேன். வகுப்பு முடியும் நேரத்துக்குக் கணவரின் ஷிஃப்டும் முடிந்துவிடும், அவரே காரில் கூட்டிவந்துவிடலாம். பக்கத்து வீட்டுக்குப் போய் அவளிடம், "ஸ்கூல்ல கம்பல்சரி ஆக்கிட்டாங்க" என்றேன்.

"படிப்பு முக்கியமுங்களே" என்றாள். அப்புறம், "லீவு நாள்ல வரட்டுமுங்க, புழு எல்லாம் கூடு கட்ற நேரம்" என்றாள்.

லீவு நாட்களில் நான் கடைக்குக் கூட்டிப்போனேன், கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். மகள் வந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், ஆங்கிலத்தில். வீட்டில் சத்தம் குறைந்துவிட்டது. ஒருநாள் மணலில் வீடு கட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "ஆன்ட்டி தப்பு பண்ணிட்டாங்களா?"

"இல்லையே. ஏன்?"

"Then ஏன் போகக் கூடாது?"

ஈர மணல் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போனேன்.

ஒரு சனிக்கிழமை மாலை அவள் எங்கள் வாசலுக்கு வந்தாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "அம்மிணி பாத்துட்டு இருந்த புழுவோட கூடு கருத்துருச்சுங்க்கா. நாளைக்குக் காலைல ஒடஞ்சுரும். நீங்களும் அண்ணனும் எல்லாருமே வாங்க. அம்மிணிகிட்ட நான் சொன்னேனுங்க, ஒடையறப்ப கூப்புடறேன்னு. சொன்ன வார்த்தைக்காக வந்தேன்" என்றாள். என் மகளை அவள் அம்மிணி என்றுதான் கூப்பிடுவாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அந்தச் சொல்லைக் கேட்டு மகள் அறையிலிருந்து ஓடிவந்தாள். என் குரலுக்கு அப்படி ஓடிவந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் போனோம். கணவர் வரவில்லை. எருக்கின் இலைக்கு அடியில் கூடு தொங்கியது. கண்ணாடி போல மெலிந்து, உள்ளே மடித்து வைத்த ஆரஞ்சு இறகு தெரிந்தது. மூவரும் பக்கத்தில் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம், மகள் நடுவில். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. எனக்குக் கால் மரத்துப்போனது. எழுந்திருக்கலாமா என்று நினைத்தபோது கூடு கீறிக்கொண்டது. ஈரமான, கசங்கிய ஒன்று தலைகீழாக வெளியே வந்து தொங்கியது. பட்டாம்பூச்சி மாதிரியே இல்லை. பிறகு அந்தக் கசங்கல் மெதுவாக விரிய ஆரம்பித்தது.

மகள் கண்ணை எடுக்காமல், "அம்மா, பாருங்க!" என்றாள்.

"என்னடா?" என்றேன் நான்.

"என்ன கண்ணு?" என்றாள் அவள்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. மகள் கவனிக்கவில்லை, அவளுடைய கவனம் முழுக்க இறகில் இருந்தது. நாங்கள் இருவரும் குழந்தையின் தலைக்கு மேலாக ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள் எழுந்து, டீ போடுகிறேன் என்று உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன். எதற்காகப் போனேன் என்று கேட்டால், சண்டை போடத்தான் போனேன்.

அவள் பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பாமலேயே பேசினாள். "ரெண்டு மூணு தடவ வாய் தவறி என்னய அம்மான்னு கூப்பிட்டிருக்குதுங்க. தூக்கக் கலக்கத்துல ஒருக்கா, கீழ வுழுந்தப்ப ஒருக்கா. ஆன்ட்டின்னு சொல்லு கண்ணுன்னு நான் திருத்தியிருக்கோணும். திருத்தலீங்க்கா. கேட்டுக்கிட்டே இருக்கோணும்னு இருந்துச்சு."

அந்தச் சொல் எனக்கு உரியது. பிரசவ அறையில் நான் கத்தின கத்தலுக்கு, தூக்கம் கெட்ட இரவுகளுக்கு, பஸ்ஸில் நின்றுகொண்டே பள்ளிக்கூட மெசேஜ்களுக்குப் பதில் போட்டதற்கு எனக்குக் கிடைத்த சொல். அதை இவள் டீ போட்டுக்கொண்டே எடுத்துக்கொள்வாளா? "நீங்க அப்படி இருந்திருக்கக் கூடாது" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

"ஆமாங்க" என்றாள். பிறகு திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் அழவில்லை. "நானும் ஒண்ணு சொல்லட்டுங்களா? காலைல நீங்க ஐடி கார்டு மாட்டிட்டு பஸ் ஏறறத தெனமும் ஜன்னல்ல நின்னு பாப்பேன். பாக்கக் கூடாதுன்னு நெனைப்பேன், முடியாது. ஊர்ல காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுத்துட்டு இருந்தனுங்க. கிளாஸ் ரூமுக்குள்ள போனா அத்தன பேரும் எந்திரிச்சு நிப்பாங்க. இங்க வந்ததுல இருந்து என்னய யாரும் எதும் கேக்கறதில்ல. உங்குளுக்கு வேலையும் இருக்குது, அம்மிணியும் இருக்குது. எப்படி வயிறு எரியாம இருக்கும், சொல்லுங்க?"

பால் பொங்கியது. இருவரும் ஒரே நேரத்தில் அடுப்பை அணைக்கக் கை நீட்டினோம். சண்டை போட வந்தவள் அடுப்புத் திட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் பொறாமை குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். என்னைப் பார்த்தும் ஒருத்திக்கு வயிறு எரிகிறது என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்தது, அது உண்மை. டீ குடித்தோம். வெளியே போனபோது இறகு முழுக்க விரிந்து காய்ந்துகொண்டிருந்தது. மகள் எங்கள் இருவரையும் அதட்டினாள், இவ்வளவு நேரம் எங்கே போனீர்கள் என்று.

அபாகஸ் வகுப்பை நிறுத்தினேன், மகள் பழையபடி பக்கத்து வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். படம் வரைவது மட்டும் மகளே கேட்டதால் தொடர்ந்தது.

அந்த வருடம் வெயில் ஏறத் தொடங்கிய நாட்களில் ஒரு ஞாயிறு, அவள் கணவர் வண்டி ஓட்ட, மலையடிவாரத்து வாதிக்குப் போனோம். மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் காய்ந்த ஆறுதான் வாதி. கற்களுக்கு நடுவே அந்த மஞ்சள் செடிகள் பூத்து ஓய்ந்து, விதை பிடித்து நின்றன. செடியைப் பிடுங்காமல், பஞ்சு ஒட்டிய விதையை மட்டும் பேப்பர் கவரில் உதிர்த்தோம். என் ஆஸ்டர்களைப் பற்றி அவளாக எதுவும் சொன்னதில்லை. நான்தான் கேட்டேன்.

"அடுக்கு இதழ் பூவுல தேன் எடுக்க எடம் இருக்காதுங்க்கா. பாக்கறதுக்குத்தான் அது. பட்டாம்பூச்சிக்கு நடு வட்டம் தெறந்திருக்கோணும்."

"போன வருஷமே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீங்க கேட்டிருப்பீங்களா?" என்று சிரித்தாள். கேட்டிருக்க மாட்டேன்.

அக்டோபரில் விதைத்தேன். பாதிக்கு மேல் முளைக்கவில்லை. அவள் வேர் பிடித்த குச்சிகள் சிலவற்றைச் சுவருக்கு மேலாகத் தந்தாள். ஆஸ்டரையும் விடவில்லை, இந்தமுறை ஒற்றை அடுக்கு இதழ் உள்ள ஊதாவைத் தேடிப் பிடித்து மஞ்சளுக்கு நடுநடுவே வைத்தேன்.

செடிகள் மொட்டு விட்டிருந்தபோது பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. கெமிஸ்ட்ரி டீச்சர் ஒருவர் பாதியில் விலகிவிட்டார், அவசரமாக ஆள் தேவை. என் மகள் படிக்கும் பள்ளி. நான் அதை அவளுக்கு அனுப்பாமல் ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன். அவள் வேலைக்குப் போய்விட்டால் மதியங்கள் முழுக்க அவளிடம் என் மகள் இருக்க மாட்டாள். ஆனால் பள்ளியில் பகல் முழுக்க இருவரும் ஒரே கட்டடத்தில் இருப்பார்கள், ஒரே பஸ்ஸில் வருவார்கள். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் நான்தான் தோற்றேன். கடைசியில் லேபில் டீ இடைவேளையில் அனுப்பிவிட்டேன். இரண்டு நிமிடத்தில் போன் வந்தது. மறுமுனையில் அவள் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டபிறகு கணக்குப் போடுவதை விட்டுவிட்டேன்.

வேலை கிடைத்தது. முதல் நாள் காலை அவள் காட்டன் புடவை கட்டி, கழுத்தில் புது ஐடி கார்டோடு, என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிப் பேருந்துக்கு நின்றாள். கொஞ்சம் தள்ளி என் கம்பெனி பஸ்ஸுக்கு நான் நின்றேன். கையை ஆட்டினோம்.

டிசம்பரில் ஒருநாள் உடம்பு சரியில்லாமல் லீவு எடுத்து வீட்டில் இருந்தேன். வெயில் ஏறிய நேரம், முற்றத்தில் துணி எடுக்கப் போனபோது ஒரு வெந்தய வரியன் சுவருக்கு மேலே வந்தது. வழக்கம்போலத் தாண்டிப் போகப்போகிறது என்று நின்றேன். போகவில்லை. என் பக்கத்து மஞ்சளில் இறங்கி, அதிலிருந்து ஊதாவுக்குத் தாவி, இறகை மூடித் திறந்தது. ஊதாவில் அந்த ஆரஞ்சு. எந்த மாதிரித் துண்டோடும் ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. காய்ச்சலோடு வெயிலில் நின்று பார்த்தேன். கூப்பிட்டுக் காட்ட இரண்டு வீட்டிலும் ஆள் இல்லை. இரண்டு பேரும் பள்ளியில். போனில் படம் எடுத்தேன், இறகு அசைந்ததில் படம் கலங்கலாக வந்தது.

மாலையில் மகளிடம் காட்டினேன். "சூப்பர்ம்மா!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அடுத்த மூச்சிலேயே, "ஆன்ட்டிக்கு அனுப்பட்டுங்களா?" என்றாள். எனக்குள் பழைய முள் ஒருமுறை குத்தியது. அனுப்பு என்றேன்.

இப்போதும் அந்த முள் போகவில்லை. இரண்டு முற்றத்திலும் பூக்கின்றன, இரண்டுக்கும் வருகின்றன. ஆனால் ஜன்னலில் நிற்கும்போது எந்தப் பக்கம் அதிகம் என்று கண் பார்க்கத்தான் செய்கிறது. அவளும் தன் ஜன்னலிலிருந்து பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும், கேட்டால் ஒத்துக்கொள்வாள்.

போன வாரம் மகள் புத்தகப் பையைச் சோபாவில் எறிந்துவிட்டு உட்கார்ந்தாள். மகளின் வகுப்புக்கு சயின்ஸும் பக்கத்து வீட்டவளே எடுக்கத் தொடங்கியிருக்கிறாள்.

"ஸ்கூல்ல அவங்க ஆன்ட்டி மாதிரியே இல்லம்மா. ரொம்ப ஸ்ட்ரிக்ட். நான் பேசினேன்னு என்னை எழுப்பி நிக்க வெச்சாங்க, எல்லார் முன்னாடியும்!"

"அச்சச்சோ" என்றேன். முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டேன். சமையலறைக்குப் போய், யாரும் பார்க்காத இடத்தில் நன்றாகச் சிரித்துவிட்டு, குழந்தைக்குப் பிடித்த பால் பணியாரத்துக்கு அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டேன்.